மஞ்சள் வயர் ஏறிய மலை

ஒரு வீட்டில் தமிழ் பேசுகிறார்களா மலையாளம் பேசுகிறார்களா என்று அறிய, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டில் ஒரு காலத்தில் கதவைத் தட்ட வேண்டியதில்லை. கூரைக்கு மேலே ஆண்டெனா எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்தால் போதும். வடகிழக்கே கொடைக்கானலைப் பார்த்து நின்றால் தமிழ் வீடு. மேற்கே பார்த்து நின்றால் பெரும்பாலும் பாலா, கோட்டயம் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களின் வீடு. மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பம் ஊரில் ரேடியோ ரிப்பேர் பழகி, கம்பமெட்டு வழியாக மலையேறி, இங்கேயே தங்கிவிட்டவன் நான். இந்த ஏலக்காட்டுக்குப் படம் வந்த கதையைக் கம்பிகளின் வழியாகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

டெல்லியில் 1959ல் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15ல் வந்தது. சென்னை எங்கே, நாங்கள் எங்கே? எங்கள் பக்கத்து ஜனங்கள் முதலில் பிடித்தது சென்னையை அல்ல, இலங்கையை. 1982 பிப்ரவரி 15ல் ரூபவாகினி தொடங்கியது. அதன் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையில் நின்றது. கடலுக்கு இந்தப் பக்கம் மதுரை, திருநெல்வேலி வட்டாரங்களில் வசதியுள்ளவர்கள் இரும்புக் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி அந்தப் படத்தைப் பிடித்தார்கள். ஏலக்காட்டிலும் கிழக்குச் சரிவு திறந்திருந்த சில பங்களாக்களில் அது தெரிந்தது. வானம் தெளிந்த இரவில் வரும், மறுநாள் வராது. பிறகு எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் கோபுரம் வேலைசெய்யத் தொடங்கியதும் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் அதன் பக்கம் திரும்பிவிட்டது.

மலைக்காரனுக்கு அந்தக் கோபுரம் அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. கம்பமெட்டு விளிம்பில் நின்றால் பள்ளத்தாக்கைத் தாண்டி அலை நேராக வந்து சேரும். விளிம்பிலிருந்து உள்ளே வண்டன்மேட்டுப் பக்கம் இறங்கினால் ஒவ்வொரு மேடும் ஒரு சுவர். மேட்டு வீட்டில் படம் கண்ணாடியாகத் தெரியும். ஐம்பது அடி கீழே, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஓடைக்கரை லயத்தில் வெறும் புள்ளிகள் கொதிக்கும். பூஸ்டர் போட்டால் புள்ளியும் சேர்ந்து பெருகும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய தொல்லை நிழல். ஒரு ஆளுக்கு வலப்பக்கம் இன்னொரு மங்கலான ஆள் நிற்பான். அலை நேராகவும் வருகிறது, எதிர்மலையில் மோதித் திரும்பியும் வருகிறது. திரும்பி வருவது 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றினால் ஒரு மைக்ரோ விநாடி தாமதம். 20 இஞ்ச் டிவியின் திரையில் அது ஏறக்குறைய முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். நிழல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், பின்னால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலை அலையைத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். நான் ஸ்கேலை வைத்து நிழலை அளந்து, அது எந்த மலையாக இருக்கும் என்று வாசலில் நின்று தேடியிருக்கிறேன். கண்டுபிடித்தால் ஆண்டெனாவின் முதுகை அந்த மலைக்குக் காட்டி, உயரத்தைக் கூட்டிக் குறைத்து, நிழலை மெல்ல மெல்லக் கரைக்க முடியும். ஒருவர் கூரையில், ஒருவர் வாசலில், ஒருவர் டிவி முன்னால். "இப்ப எப்படிண்ணே?" "கொஞ்சம் அந்தப்பக்கம்… போதும், போதும், போயிருச்சு!" இந்த மூன்று பேர் இல்லாமல் ஏலக்காட்டில் ஒரு படமும் தெரிந்ததில்லை.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். இடுக்கி அணையும் மூலமற்றம் நிலத்தடி மின்நிலையமும் 1976ல் செயல்பாட்டுக்கு வந்தன. அந்த நிலையத்தின் திறன் 780 மெகாவாட். கேரளத்துக்கு வெளிச்சம் தந்த இதே மாவட்டத்தில், ஏலக்காய் பறித்த பெண்கள் படுத்துறங்கிய லயங்களில் வெகுகாலம் சிம்னி விளக்குதான் எரிந்தது. தோட்டத்தில் கரண்ட் முதலில் வருவது பங்களாவுக்கு, அடுத்து காய் உலர்த்தும் ஸ்டோருக்கு. அதனால் தொழிலாளி முதன்முதலில் டிவி பார்த்த இடம் பல தோட்டங்களில் ஸ்டோரின் வாசல். மழைக்காலத்தில் உள்ளே காய் உலர்கிற சூடு, வெளியே சாரல், நடுவில், கரண்ட் இல்லாதபோது ஜீப் பேட்டரியில் ஓடும் 14 இஞ்ச் கறுப்பு வெள்ளை டிவி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சி பார்க்க மேட்டுக்கு மேடு டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்கள். பேட்டரி இறங்கினால் படம் நான்கு பக்கமும் சுருங்கும். டிரைவர் முகமும் சுருங்கும். விடிந்தால் வண்டியைத் தள்ள வேண்டுமே.

தொண்ணூறுகளில் ஞள்ளானி என்ற ஏல வகை பரவி விளைச்சல் பெருகியது. சிறு விவசாயிகள் கையிலும் காசு புழங்கியது. கலர் டிவிகள் கட்டப்பனை, கம்பம் இரண்டு பக்கமிருந்தும் வந்தன. கேரள அரசின் கெல்ட்ரான் இருந்தது. 1963ல் பாலக்காட்டில் தொடங்கிய பி.பி.எல். இருந்தது. பாலக்காட்டுப் பெட்டி என்று பி.பி.எல்.லுக்குத் தமிழர், மலையாளி இருவரிடமும் மதிப்பு. 1993ல் சன் டிவியும் ஏஷியாநெட்டும் வந்தபின் கேபிள் நகரங்களில் படர்ந்தது. ஆனால் தோட்டம் என்பது தெரு அல்ல. ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் நடுவில் அரைமைல் ஏலச்செடி. அத்தனை தூரம் வயர் இழுத்து மாதச் சந்தா வசூலிக்க எந்த கேபிள்காரருக்குக் கட்டுபடியாகும்?

ஆகவே லயங்களுக்குப் படம் டெக்கில், அதாவது வீடியோ கேசட் பிளேயரில் வந்தது. டெக், டிவி, நான்கு கேசட் சேர்த்து ஓரிரவு வாடகை. கோயில் கொடைக்கும் சடங்குக்கும் ஊர்கூடிப் பிரித்துக்கொள்ளும் செலவு அது. கேசட் நாடா ஈரம் பட்டால் பூசணம் பிடித்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். ஆடி மழையில் நான் அதிகம் செய்த வேலை ஹெட் துடைப்பதுதான்.

இனி வருவதுதான் எனக்கு நெருக்கமான பகுதி.

1993ல் வி.சி.டி.க்கான தரம் எழுதப்பட்டது. 1996 நவம்பரில் ஜப்பானில் முதல் டி.வி.டி. பிளேயர் கடைக்கு வந்தது. எங்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தன, 2000க்குப் பிறகு, சீனாவில் செய்த மெல்லிய பெட்டிகளின் உருவத்தில். வி.சி.டி.யில் படம் 352க்கு 288 புள்ளி. ஒரு தட்டில் 74 நிமிடம். ஒரு தமிழ்ப்படத்துக்கு இரண்டு தட்டு, நீளப்படம் என்றால் மூன்று. டி.வி.டி.யில் 720க்கு 576 புள்ளி, படம் முழுவதும் ஒரே தட்டில். விலை இறங்க இறங்க, காய் எடுப்பு முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் ஒரு குடும்பமே வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது. லயத்தில் அதற்கு முன் டிவி சொந்தமாக இருந்தவர்கள் சிலர். படம் சொந்தமாக இருந்தவர்கள் யாருமில்லை. மலை, திசை, கோபுரம், சந்தா எதுவும் குறுக்கே வராமல், ஓடைக்கரை லயமும் பங்களாவும் ஒரே தெளிவில் ஒரே படத்தைப் பார்த்தது அந்தத் தட்டில்தான். இந்த மலைக்கு வந்த கருவிகளில் அவ்வளவு சமமாக நடந்துகொண்டது வேறொன்று இல்லை என்று நான் நினைக்கிறேன்.

வாங்கிய மறுநாள் என்னைக் கூப்பிடுவார்கள். பெட்டியோடு மூன்று தலை வயர் வரும்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. லயத்து டிவிகளில் பாதிக்கு மேல் மோனோ. பின்னால் மஞ்சளும் வெள்ளையும் மட்டுமே இருக்கும். சிவப்புத் தலை சும்மா தொங்குவதைப் பார்த்து, "ஒண்ணு மிச்சம் இருக்கே தம்பி, கரண்ட் அடிக்குமா?" என்று கேட்ட அக்காமார் பலர். அடிக்காது. ஆனால் சில பாட்டுத் தட்டுகளில் ஒரு பக்கம் இசை, மறுபக்கம் குரல் பதிந்திருக்கும். வெள்ளை மட்டும் செருகினால் பாடகர் காணாமல் போவார். ரிமோட்டில் இடம்-வலம் மாற்றும் பொத்தானை அமுக்கிக் காட்டிவிட்டு வருவேன்.

விலை கூடிய டிவிகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு வரிசை இருக்கும். அதில் வரும் சிவப்பு சத்தம் அல்ல, படத்தின் ஒரு பங்கு. மஞ்சள் வழியில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வந்து டிவிக்குள் பிரிகின்றன. கோடுபோட்ட சேலை திரையில் வானவில்லாக மினுங்குவது அதனால்தான். மூன்று வயரில் அவை பிரிந்தே வருவதால் சேலை சேலையாக நிற்கும். எஸ்டேட் பங்களா ஒன்றில் இரண்டையும் மாற்றிமாற்றிச் செருகிக் காட்டினேன். வீட்டுக்காரச் சேச்சி வாய்விட்டே சொன்னார், இத்தனை நாள் நாம் என்னத்தைப் பார்த்தோம் என்று.

பழைய டிவியில் ஏ.வி. குழியே கிடையாது, ஆண்டெனா குழி மட்டும். சிலர் டி.வி.டி.யை டெக்கில் செருகி, டெக்கை டிவியில் செருகினார்கள். கடையில் வாங்கிய நல்ல தட்டாக இருந்தால் படம் பிரகாசமாகும், இருளும், மறுபடி பிரகாசமாகும். கேசட்டில் நகல் எடுப்பதைத் தடுக்கத் தட்டிலேயே வைத்த பூட்டு அது. வெறுமனே பார்க்கிறவரையும் டெக் வழியே தண்டித்தது. மாடுலேட்டர் என்கிற சின்னப் பெட்டியை நடுவில் வைத்து, ஒரு சானலில் பிடித்துக் கொடுத்தால் தீரும்.

என்னை மலையேற வைத்த புகார்களில் பாதி இரண்டே இரண்டு. முதலாவது, படம் கறுப்பு வெள்ளையாகி மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருப்பது. அப்போது இந்தியாவின் முறை பால்: 625 கோடு, நொடிக்கு 25 சட்டகம். அமெரிக்கா, ஜப்பானின் முறை என்.டி.எஸ்.சி.: 525 கோடு, நொடிக்குச் சுமார் 30 சட்டகம். லண்டனிலிருந்த ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் உலகெங்கும் உள்ள தமிழர்களுக்காகத் தமிழ்ப்பட டி.வி.டி.களை வெளியிட்டன. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பியவர் பையில் அப்படி ஒன்று என்.டி.எஸ்.சி.யில் வந்து சேர்ந்தால், பால் மட்டுமே தெரிந்த பழைய டிவி அதைப் பிடித்து நிறுத்த முடியாமல் திணறும். பிளேயர் ரிமோட்டில் பால் என்று மாற்றினால் நின்றுவிடும்.

இரண்டாவது புகார்தான் ஜனங்களை அழவைத்தது. பிள்ளைகள் செட்டப் மெனுவுக்குள் போய் புரோகிரசிவ் ஸ்கேன் என்பதை ஆன் செய்வார்கள். மலிவுப் பிளேயர்களில் அந்த நொடியே மஞ்சள் வயரில் படம் நின்றுவிடும்; பச்சை, நீலம், சிவப்பில் மட்டும் போகும். படம் இல்லாததால் மெனுவும் தெரியாது, திரும்ப மாற்றவும் முடியாது. பெட்டி செத்துப்போச்சு என்று ஒருவாரச் சம்பளத்தை நினைத்து வீடே துக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தட்டை வெளியே எடுத்துவிட்டு, ரிமோட்டில் வீடியோ மோட் பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தால் படம் எங்காவது ஓரிடத்தில் திரும்பி வரும். இதற்கு நான் காசு வாங்கியதில்லை.

அடுத்தது படத்தைச் சீர்செய்வது. கம்பெனியிலிருந்து வரும் டிவி கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும்படி வைக்கப்பட்டிருக்கும், எல்லாம் உச்சத்தில். லயத்து அறையோ இருட்டு, ஒரே குண்டு பல்பு. நான் முதலில் கலரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கறுப்பு வெள்ளையாக்குவேன். அகலத்திரைப் படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் பார்த்து, அது சாம்பலாகத் தெரிவது நிற்கும்வரை பிரைட்னஸைக் குறைப்பேன்; நாயகியின் கூந்தல் இழை இருட்டோடு கலக்கிற இடத்தில் ஒரு படி ஏற்றி நிறுத்துவேன். பிறகு கான்ட்ராஸ்ட். வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிய வேண்டும், தெரியாவிட்டால் இறக்கு. ஷார்ப்னஸைப் பாதிக்கு மேல் வைக்கக்கூடாது, உருவத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும். கடைசியில் கலரை ஏற்றுவேன். இதற்கு நான் வைத்திருந்த அளவு ஒன்றுதான்: மாநிறமும் கறுப்பும் கொண்ட முகம் சிவந்தும் போகாமல் கருகியும் போகாமல், வாசலில் நிற்கிற நம் ஆட்கள் மாதிரி தெரிய வேண்டும். கம்பெனி வைத்தபடியே விட்டால் நம் முகங்கள் செங்கல் நிறத்தில் தெரியும். பலர் அதுதான் நல்ல கலர் என்று நம்பியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்த்தி, வேறுபாட்டைக் காட்டி மாற்றியபின் யாரும் பழையதைக் கேட்டதில்லை.

ஸ்பீக்கர் பெட்டியை டிவிக்கு ஒட்டி வைத்து மூலையில் ஊதாக்கறை விழும் வீடுகளும் உண்டு. காந்தம் செய்கிற வேலை. பெட்டியைத் தள்ளிவைத்து, டிவியை நன்றாக ஆறவிட்டுப் போட்டால், உள்ளே உள்ள சுருள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கறையை எடுக்கும். மழைக்காலத்தில் பிளேயரின் லென்ஸில் பனி படிந்து தட்டைப் படிக்காது. ஏலத்தோட்டத்தின் ஈரத்துக்கு அரைமணி நேரம் வெறுமனே ஆன் செய்து வைப்பதே மருந்து. தட்டை வட்டமாகத் துடைக்காதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அது தூக்கத்திலும் வரும்.

2006 செப்டம்பர் 15ல் தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 இஞ்ச். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் கொடுத்தபின், 2011ல் ஆட்சி மாறியதும் திட்டம் நின்றது. மலையில் வேலை, கம்பத்திலும் கோம்பையிலும் உத்தமபாளையத்திலும் ரேஷன் கார்டு என்று இருந்த குடும்பங்களுக்கு அது கிடைத்தது. தலைமுறைகளாக லயத்திலேயே இருந்து கேரள கார்டு வாங்கியிருந்த தமிழர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரே கொத்தில் வேலைசெய்யும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு டிவி, இன்னொருத்திக்கு இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு பிளேயர் வாங்கிய வீட்டை எனக்குத் தெரியும். விடிகாலை ஜீப்பில் ஆட்களோடு ஆட்களாக அந்த இலவச டிவிப் பெட்டிகள் கம்பமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்தன.

தட்டுகளும் அதே ஜீப்பில்தான் ஏறின. திருட்டுத் தட்டுகளை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது. தமிழ்நாடு 2004ல் குண்டர் சட்டத்திற்குள்ளேயே திருட்டு வீடியோவைக் கொண்டுவந்தது; சினிமாத் தொழிலுக்கு அவ்வளவு காயம். ஒரு தட்டில் நான்கைந்து படங்களைத் திணிப்பார்கள். இடம் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும், அதிலும் மழைக்காட்சியும் மூடுபனிக் காட்சியும் முதலில் உடையும். ஒவ்வொரு துளியும் நகர்வதால் அவற்றைச் சுருக்குவது கடினம். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றபோது, நல்ல தட்டு வாங்க ஏழைக்கும் முதல்முறையாக வழி பிறந்தது. அதைப் பத்து வருடம் முன்பே செய்திருக்கலாம்.

பிறகு குடை டிஷ் வந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச்., 2007ல் சன் டைரக்ட். எல்லா வீட்டுக் குடையும் ஒரே வானத்தைப் பார்த்தது. பிறகு கைபேசி. பிளேயர்களுக்கு மேல் துணி மூடினார்கள்.

ஆனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சினிமாவைவிட முக்கியமான ஒன்று அந்தத் தட்டுகளில் ஏறியது. இந்த மலையின் தமிழ்க் குடும்பங்கள் தங்களைத் தாங்களே திரையில் பார்த்தார்கள். கம்பத்து ஸ்டூடியோக்காரர்கள் கேமராவோடு ஏறி வந்து கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கொடை, கருமாதி வரை எடுத்து, தட்டில் பாட்டோடு கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து தொலைக்காட்சி எதிலும் இவர்களுடைய முகமோ லயமோ முன்பு வந்ததில்லை. வீடியோ லைட்டில் முகங்கள் வெளுத்திருக்கும், ஆனால் பின்னணியில் இடிந்த லயமும், பின்னர் பிடுங்கப்பட்ட பழைய ஏலச்செடிகளும், காலமாகிவிட்ட கங்காணிகளும் இருப்பார்கள். இந்த வட்டாரத் தொழிலாளர் வாழ்க்கைக்கு இதைவிட விரிவான அசையும் ஆவணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவை இப்போது அழிந்துகொண்டிருக்கின்றன. ஸ்டூடியோ எழுதிக்கொடுத்த தட்டு கடைத்தட்டு போன்றதல்ல; அச்சடித்தது அல்ல, சாயப்படலத்தில் லேசரால் எழுதியது. வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தைத் தின்னும். வீட்டில் இருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். டி.வி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் தட்டைப் போட்டு, வீடியோ டி.எஸ். என்ற ஃபோல்டரை அப்படியே பென்டிரைவிலும் இன்னொரு இடத்திலும் நகலெடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். அது மறுபடி சுருக்கி, இருக்கிற தெளிவையும் எடுத்துவிடும். புது எல்.இ.டி. டிவியில் பார்க்கும்போது திரை அளவை 4:3க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் படம் பக்கவாட்டில் இழுபட்டு, அப்பாவும் அம்மாவும் குண்டாகத் தெரிவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழட்டும், பரவாயில்லை. ஓடுகிற பிளேயர் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடாதீர்கள். கம்ப்யூட்டர் படிக்க மறுக்கும் தட்டைச் சில பழைய பிளேயர்கள் இன்னும் படிக்கின்றன. மஞ்சள் வயர் அறுந்திருந்தால் கொண்டு வாருங்கள், பற்றவைத்துத் தருகிறேன்.